ஹிபா அழித்த படம்

வெள்ளவத்தை,
03.03.2024

அன்புள்ள தம்பி பிரியந்தனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வெள்ளவத்தைப் பிள்ளையாரும் மெல்பேர்ண் முருகனும் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. உன்னோடு போனில் கதைக்கும்போது மட்டும் கூடிவிடும், அதை நம்பாதே. அத்தான் வழக்கம்போல.

ஏன் திடீரென்று மின்னஞ்சலில் கடிதம் என்று யோசிப்பாய். நான் சலூனைப் பூட்டிவிட்டு வரும்போது நீ நித்திரை. வட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் வெட்கத்துக்காவது பதில் எழுதத்தானே வேண்டும்.

நீ செய்து தந்த பூமுடி இணையத்தளம் நன்றாக ஓடுகிறது. மணப்பெண் வந்து கதிரையில் இருந்ததும் கொண்டை போட்டுப் பார்த்து, முன்னுக்கும் பக்கத்துக்கும் பின்னுக்கும் போனில் படம் எடுத்து அப்படியே ஏற்றிவிடுகிறேன். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் எல்லாப் படங்களும் அவளுடைய பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. தாய், மாமி, சித்தி என்று எல்லோரும் பார்த்துச் சண்டை பிடித்து, கடைசியில் நான் முதலில் சொன்ன கொண்டையையே தெரிவு செய்கிறார்கள். முன்பு இந்தச் சண்டை முழுவதும் என் சலூனுக்குள் நடக்கும். இப்போது அவரவர் வீட்டில் நடக்கிறது. அதற்காகவே உனக்கு ஒரு கோயில் கட்டலாம்.

இப்போது ஒரு உதவி. போன கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஹிபா என்றொரு பிள்ளை வந்தாள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். என் சலூனுக்குள் ஆண்கள் கால் வைப்பதில்லை என்று யாரோ சொல்லி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். கதவைப் பூட்டி, பச்சைத் திரையை இழுத்துவிட்ட பிறகுதான் முக்காட்டைக் கழற்றினாள். இடுப்பைத் தாண்டிய கூந்தல், தம்பி. எனக்குக் கை வைக்கவே ஆசையாக இருந்தது. ஆனால் படம் எடுக்கவேண்டும் என்றதும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, படம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

"உங்கட பக்கத்துக்குத்தான். கடவுச்சொல் உங்களிட்ட மட்டும்தான் இருக்கும்."

"கலியாணம் முடிஞ்ச பொறகு?"

"அழிச்சுப்போடலாம். நீங்களே உங்கட கையால அழிக்கலாம்."

நான் சொல்லிவிட்டேன். இனி நீதான் செய்து தரவேண்டும். ஒரு பொத்தான் போடு. மணப்பெண்ணே தன் விரலால் அழுத்தவேண்டும். அழுத்தியதும் 'உங்கள் படங்கள் நிரந்தரமாக அழிக்கப்பட்டன' என்று நல்ல தமிழில் வரவேண்டும். அழுத்தினால் உண்மையிலேயே போய்விடும்தானே? அதை மட்டும் தெளிவாக எழுது. என் வாயால் சொல்லப்போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சாருஜா


மெல்பேர்ண்,
21.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்களின், அத்தானின், அம்மாவின் சுகத்தை அறிந்து சந்தோசம். பதில் பிந்திவிட்டது, வேலை நெருக்கடி. ஏசவேண்டாம்.

நீங்கள் கேட்ட பொத்தானைப் போட்டுவிட்டேன். சிவப்பு நிறம். நீங்கள் தந்த வசனத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டிருக்கிறேன்.

படம் ஏற்றும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று போன மாதம் சொன்னீர்கள். உங்கள் புதுப் போன் எடுக்கும் படங்கள் மிகப் பெரியவை, அதுதான் காரணம். இப்போது நீங்கள் ஒரு படத்தை ஏற்றினால் அது மூன்றாகும். வரிசையில் காட்டுவதற்கு ஒரு சின்னப் படம், போனில் பார்க்க ஒரு நடுத்தரப் படம், பிறகு நீங்கள் எடுத்தது அப்படியே. மூன்றையும் வாடகைக்கு எடுத்த ஓர் இடத்தில் சேமிக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நீண்ட முகவரி உண்டு. யாராலும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. இனி வேகமாகத் திறக்கும், பாருங்கள்.

இங்கே குளிர் தொடங்குகிறது. அம்மாவிடம் மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
பிரியந்தன்


வெள்ளவத்தை,
09.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே வெயில் எல்லோரையும் வாட்டுகிறது. கடற்காற்றும் அடுப்படிக் காற்றுப்போல வருகிறது. மிளகாய்த்தூள் வறுத்து இடித்தாயிற்று, வரும் ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுவேன்.

ஹிபாவின் கலியாணம் நல்லபடி முடிந்தது. நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். என்னிடம் வாடகைக்கு எடுத்த நகைகளைத் திருப்பித் தர வரும் நாளில்தான் படமும் அழிப்பது. ஹிபா தாயோடு வந்தாள். வட்டிலாப்பம் கொண்டுவந்தார்கள். அம்மா சீனி வியாதியை மறந்து இரண்டு தரம் சாப்பிட்டா.

"கடைசியா ஒருக்காப் பாத்துக்கொள்றேன் அக்கா," என்று சொல்லி ஹிபா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பக்கம் வெறுமையானது. எங்கள் வசனம் வந்தது. அதை அவளே தாய்க்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். தாய் நெஞ்சில் கையை வைத்து இறைவனுக்கு நன்றி சொன்னா. எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. என்னுடைய தம்பி செய்ததுதான் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரமும் சொல்லியிருப்பேன், அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டா.

அதன் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் அவளுடைய சொந்தக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி கொண்டையைப் பற்றியில்லை, அந்தப் பொத்தானைப் பற்றி.

இனி உன் விசயம். கல்கிசையில் ரூபிகா என்றொரு பிள்ளை, வங்கியில் வேலை, சாதகம் பொருந்துகிறது, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று விரிவாக எழுத இருந்தேன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஏற்கனவே கதைத்துக்கொள்கிறீர்கள் என்று அவளுடைய தாய் வாய்தவறிச் சொல்லிவிட்டா. கள்ளன்!

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

உன் அக்கா,
சாருஜா


மெல்பேர்ண்,
02.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. பொதியைத் திறந்ததும் பக்கத்து அறைக்காரன் தும்மத் தொடங்கிவிட்டான்.

ரூபிகா விசயத்தில் நீங்கள் எல்லோரும் காட்டிய சந்தோசத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தை மாதத்தில் வைப்பது எனக்குச் சம்மதம். அவளை நீங்கள்தான் அலங்கரிக்க வேண்டும். அவளும் அதைத்தான் சொல்கிறாள்.

ஒரு சின்ன விசயம். கொண்டை போட்டுப் பார்க்கும்போது ரூபிகாவின் படங்களைத் தளத்தில் ஏற்றவேண்டாம். எனக்கு நேரே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பெண்தானே, அவளுக்கு எதற்குத் தனிப் பக்கமும் கடவுச்சொல்லும்?

இன்னொன்று, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். நான் வேலையை விட்டுவிட்டேன். என்னோடு படித்த சிவபாலனும் நானும் சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியிருக்கிறோம். பூமுடி மாதிரியே ஒன்றை இங்குள்ள சலூன்களுக்குச் செய்து கொடுக்கும் யோசனை. கலியாணத்துக்கு முதல் காலூன்றிவிட வேண்டும். கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
பிரியந்தன்


வெள்ளவத்தை,
18.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? புதுத் தொழில் எப்படிப் போகிறது? அம்மாவுக்கு நான் மூச்சு விடவில்லை.

இதைப் படித்ததும் உடனே பதில் போடு. நேற்று ஹிபா வந்தாள். கலியாணத்துக்கு முதல், எந்தக் கொண்டை நல்லது என்று கேட்டு, பின்பக்கத்துப் படம் ஒன்றின் லிங்க்கைக் கட்டாரில் இருக்கும் தன் தமக்கைக்கு அனுப்பியிருக்கிறாள். தமக்கை இப்போது பழைய செய்திகளைப் பார்த்துக்கொண்டு போனபோது அந்த லிங்க்கில் விரல் பட்டிருக்கிறது. படம் திறக்கிறது, தம்பி! கடவுச்சொல் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. முக்காடில்லாமல், கூந்தல் முழுவதும் தெரிய, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்ட கையால அழிச்சனே அக்கா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ விளக்கம் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். அவளுடைய போனில் நானும் அழுத்திப் பார்த்தேன். எனக்கும் திறந்தது.

"தம்பியிட்டக் கேட்டுச் சொல்லுறன், பயப்பிடாதேங்கோ," என்று அனுப்பிவைத்தேன். இது என்ன?

அக்கா


மெல்பேர்ண்,
19.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதறவேண்டாம். இது பெரிய விசயமில்லை.

படம் வேகமாகத் திறப்பதற்காக உலகத்தில் பல இடங்களில் அதன் பிரதியைத் தற்காலிகமாக வைத்திருப்பார்கள். கட்டாருக்குக் கிட்டவும் ஓர் இடம் இருக்கும். உள்ளே படம் அழிந்தாலும் அந்தப் பிரதி கொஞ்ச நாள் தங்கிவிடும். தானாகவே போய்விடும். அந்தப் பிள்ளையிடம் படம் போய்விட்டது என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

பிரியந்தன்


வெள்ளவத்தை,
10.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? அம்மா போன கிழமை காய்ச்சலில் படுத்தா, இப்போது எழும்பி நடமாடுகிறா.

நீ சொன்னதை நம்பி ஹிபாவுக்குச் சொன்னேன். "போயிட்டுது பிள்ளை, இனி இல்லை" என்று என் வாயால் சொன்னேன். அவளும் நிம்மதியாகப் போனாள். இன்று காலையில் அவளுடைய தமக்கை மறுபடியும் அழுத்திப் பார்த்திருக்கிறா. திறக்கிறது.

என்னை ஒரு விசரியாக்கிவிட்டாயே. கொஞ்ச நாள் என்றால் எத்தனை மாதம்? எனக்குப் பிரதியும் தெரியாது, கட்டாருக்குக் கிட்டவுள்ள இடமும் தெரியாது. பால் புளித்துவிட்டதா இல்லையா என்று மணந்து பார்த்தால் தெரியும். இதை எதை வைத்துப் பார்ப்பேன்? நீ சொல்வதை வைத்துத்தான்.

அந்தப் படத்தை இன்றைக்கே எடு. எடுத்துவிட்டு, ஏன் இருந்தது என்றும் எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
12.10.2024

பிரியந்தன்,

நலமா? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. அம்மாவோடு கதைக்கிறாய். ரூபிகாவோடு கதைக்கிறாய், அவளே சொன்னாள். நான் போனை வாங்கினால் மட்டும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது.

படம் இன்னும் திறக்கிறது.

அக்கா


மெல்பேர்ண்,
03.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் அத்தானுக்கும் அம்மாவுக்கும் பிந்திய தீபாவளி வாழ்த்துக்கள். நான் நலம். எழுதாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஆட்களுக்கு எங்கள் தளத்தைக் காட்டவேண்டிய நாட்கள், மூச்சு விட நேரமில்லை.

அந்த லிங்க் இனித் திறக்காது. அழுத்திப் பாருங்கள்.

ஏன் இருந்தது என்று கேட்டீர்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் படம் மணப்பெண்ணின் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். சேமித்த இடத்திலிருந்து போகாது. யாராவது தவறுதலாக அழுத்திவிட்டுத் திரும்பக் கேட்டால் கொடுக்கவேண்டுமே. பெரிய நிறுவனங்களிலும் இப்படித்தான் செய்வார்கள். வசனத்தில் 'நிரந்தரமாக' என்று நீங்கள் கேட்டீர்கள், போட்டேன். உங்களைக் குழப்பக்கூடாது என்று அப்போது விளக்கவில்லை.

இனி எல்லாம் சரி. ரூபிகா கொண்டை பார்க்க வரும் நாளைச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
பிரியந்தன்


வெள்ளவத்தை,
01.12.2024

பிரியந்தன்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் அம்மா பக்கத்தில் இருந்து "என்ன எழுதுறாய், தம்பியைச் சுகம் கேட்டனான் எண்டு எழுது" என்று சொல்கிறா. அம்மா சுகம் கேட்டா.

உன் லிங்க் திறக்கவில்லை. ஹிபாவுக்குச் சொன்னேன். அதோடு முடிந்தது என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். பொத்தான் பொய் என்று தெரிந்தும், பெடியன் அனுபவமில்லாமல் செய்துவிட்டான், திருத்திவிட்டான் என்று அத்தானிடம் உனக்காக வாதாடினேன். அத்தான் பேப்பரைப் புரட்டினார்.

நேற்று ரூபிகா கொண்டை பார்க்க வந்தாள். நல்ல பிள்ளை. கதிரையில் இருந்துகொண்டு வாய் ஓயாமல் உன்னைப் பற்றித்தான் கதை. உன் புதுத் தளத்தைப் போனில் திறந்து, "பாருங்கோ மச்சாள், எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறார்," என்று காட்டினாள். மெல்பேர்ண் சலூன்காரிகள் பார்ப்பதற்காக அழகழகான மாதிரிக் கொண்டைகள் வரிசையாக இருந்தன. முகங்களை எல்லாம் மங்கலாக்கியிருந்தாய். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு போனேன். அப்போது ரூபிகா விரலை நிறுத்தினாள்.

"மச்சாள், இது உங்கட கண்ணாடிதானே? திரையும் இதே பச்சை."

ஓம் பிரியந்தன். என் கண்ணாடி. என் திரை. என் கை போட்ட கொண்டைகள். என் மணப்பெண்கள். நெற்றிச்சுட்டியோடு சிலர், சடைநாகத்தோடு சிலர். நடுவில் ஹிபா. முகம் மங்கல், கூந்தல் மட்டும் பளிச்சென்று.

அவள் மறைத்து வைத்திருப்பது முகத்தை இல்லையடா! கூந்தலை! நீ முகத்தை மறைத்துவிட்டுக் கூந்தலைக் காட்சிக்கு வைத்திருக்கிறாய். இதைத்தான் அந்த முக்கியமான ஆட்களுக்குக் காட்டினாயா? ஆம்பிளைகள்தானே அவர்கள்?

ரூபிகாவிடம் "ஓம், நான்தான் குடுத்தனான்" என்று பொய் சொன்னேன். அவளுக்கு முன்னால் உன்னைக் கேவலப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவளுடைய கொண்டையைப் படம் எடுத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. யூலை மாதமே எழுதினாயே, ரூபிகாவின் படத்தைத் தளத்தில் ஏற்றவேண்டாம், வட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று. வீட்டுப் பெண்தானே என்று எழுதினாய். நானும் ஆசையில் கேட்கிறான் என்று சிரித்தேன்.

உனக்கு அப்போதே தெரியும். அங்கே ஏறும் படம் என்ன ஆகும் என்று தெரிந்துதான் உன் பெண்ணை மட்டும் ஒதுக்கி வைத்தாய். மற்றவர்கள் யாருடைய வீட்டுப் பெண்கள்? அவர்கள் என்னை நம்பி என் கதிரையில் இருந்தவர்கள். நான் உன்னை நம்பி அவர்களை இருத்தினவள்.

பொத்தானை அழுத்திவிட்டு ஹிபா சந்தோசப்பட்டதை வரிக்கு வரி உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டும் நீ பேசாமல் இருந்தாய். எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் நோகிறது.

படங்களை எடு. எல்லோருடையதையும்.

சாருஜா


மெல்பேர்ண்,
04.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டேன். காட்சியிலிருந்தும், சேமித்த இடத்திலிருந்தும், என் கணினியிலிருந்தும். இந்தத் தரம் உண்மை.

தொடக்கத்தில் அப்படி ஒரு எண்ணம் இருக்கவில்லை அக்கா. படங்கள் அங்கே கிடந்தன. சலூன்காரிகளிடம் வெறும் தளத்தைக் காட்டியபோது யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. படம் போட்டதும் நின்று பார்த்தார்கள். முகத்தை மறைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, கொழும்பில் யார் இதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வேலையும் இல்லை, கலியாணமும் வருகிறது. என் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள்.

ரூபிகா விசயம் நீங்கள் சொல்வது சரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹிபாவுக்குச் சொல்லாதேங்கோ. படம் இப்போது இல்லை. சொன்னால் அவளுக்குத்தான் வேதனை, சொல்லாவிட்டால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. ரூபிகா வீட்டாருக்கும் தெரியவேண்டாம். தை மாதம் வந்து உங்கள் காலில் விழுகிறேன்.

தம்பி,
பிரியந்தன்


வெள்ளவத்தை,
05.01.2025

பிரியந்தனுக்கு,

அம்மா நலம். அத்தான் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். முழுவதையும் வாசி, தெரியும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கையில் வந்ததெல்லாம் வசவாக வந்தது. மூன்று தரம் எழுதி எழுதி நீக்கினேன்.

சலூன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூமுடி விளம்பரத்தை உரித்துவிட்டேன். இனி நான் படமே எடுப்பதில்லை. அவரவர் தங்கள் போனில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பழைய மணப்பெண்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருத்தியின் புருசன் போனை வாங்கிப் பொலிஸுக்குப் போவேன் என்றான், போங்கள் என்றேன். இன்னொருத்தி, "என்ட படம் வடிவா இருந்ததோ அக்கா?" என்று கேட்டாள். அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

உன் கலியாணத்துக்கு வருவேன். அம்மாவுக்காக முன்வரிசையில் இருந்து, அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டு வருவேன். ரூபிகாவை அலங்கரிக்க வேறு ஆளைப் பார். கை முறிந்துவிட்டது என்றோ கண் தெரியவில்லை என்றோ நான் பொய்க் காரணம் சொல்லமாட்டேன். ஏன் மச்சாள் வரவில்லை என்று அவள் உன்னைத்தான் கேட்பாள். நீயே சொல். உனக்காக அவளிடம் ஒரு தரம் பொய் சொல்லிவிட்டேன், இனி முடியாது.

ஹிபாவுக்குச் சொல்லவேண்டாம் என்று எழுதினாய். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் யோசித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். உன் வார்த்தையில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஆனால் தெமட்டகொடையிலிருந்து ஒரு புதுப் பிள்ளை வந்து, "ஹிபா சென்னா, நீங்க எண்டா பயமில்லையாம்," என்று சொன்னாள். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. போனில் சொல்லும் விசயமில்லை என்று பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மாடி வீடு. புருசன் வேலைக்குப் போய்விட்டார். ஹிபா கதவுக்குப் பின்னால் நின்று யார் என்று கேட்டு, என் குரல் தெரிந்ததும் அப்படியே திறந்தாள். முழுகியிருந்தாள். கூந்தல் ஈரத்தோடு முதுகில் விரிந்து கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சி, ஆறு மாதம் இருக்கும். "அக்கா! வாங்க வாங்க!" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். எனக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட இருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான் பொய் என்று சொன்னேன். படம் எங்கே இருந்தது, யார் வைத்தது, யார் யார் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். உன்னைக் காப்பாற்றவுமில்லை, கூட்டிச் சொல்லவுமில்லை.

அவள் அழவில்லை.

"இப்ப இல்லையா அக்கா?"

"எடுத்திட்டன் எண்டு தம்பி எழுதியிருக்கிறான்."

"முந்தியும் அப்பிடித்தானே நீங்க சென்ன?"

அழிந்த ஒன்றை எந்த லிங்க்கை அழுத்தி அவளுக்குக் காட்டுவேன்?

"தம்பியில நான் வச்ச நம்பிக்கை பிள்ளை," என்று தொடங்கினேன். அவள் முடிக்கவிடவில்லை.

"ஒங்கட தம்பி யாரெண்டே எனக்குத் தெரியா அக்கா. நான் ஒங்களப் பாத்துத்தான் முக்காட்டக் கழட்டின."

மெதுவாகத்தான் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு எழும்பினாள். கதிரையின் முதுகில் கிடந்த சால்வையை எடுத்துத் தலையில் போட்டாள். ஈரக் கூந்தலை ஒரு மயிரும் வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி, கழுத்தைச் சுற்றி இறுக்கினாள். கதவு பூட்டியிருந்தது. யன்னலும் பூட்டியிருந்தது. அந்த அறையில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான் இருந்தோம்.

அதன் பிறகு குசினிக்குள் போய், வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கோப்பையை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

சாருஜா